பழவேற்காடு: பறவை பார்க்கப் போன இடத்தில்

கள்ளிக்குப்பத்திலிருந்து பழவேற்காடு போவது பெரிய வேலையில்லை. ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பேருந்து. மாலை வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு ஜனவரியில் நாங்கள் போனபோது ஏரியில் பூநாரைக் கூட்டம். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறும், ஆற்றுநீரும் வந்து சேரும்; அந்தக் கலப்பில்தான் இறால் செழிக்கிறது. (கலப்பு ஊருக்குத்தான் ஆகாது.)

டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். துணி ஏற்றினார்கள் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஆட்களையும் ஏற்றினார்கள். 1622-23இல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து சுமார் 1,900 பேர் அடிமைகளாகப் போனார்கள். கையில் பணம் இருந்திருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி அதிகாரிகள் வருத்தப்பட்டிருக்கிறார்கள். 1659-61இல் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய இடங்களில் வாங்கப்பட்டவர்கள் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர்; பெரும்பாலோர் இலங்கைக்கு. பஞ்சமும் படையெடுப்பும் வரும்போதெல்லாம் இந்த வியாபாரம் சூடுபிடித்தது. பஞ்சத்தில் முதலில் யார் வீட்டு அடுப்பு அணையும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

டச்சுக் கல்லறையைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள், உள்ளே கல்லில் பெயரும் தேதியும். "இவங்க வித்த ஆளுங்க பேரு எங்க இருக்கு, அக்கா?" என்றாள் எட்டாம் வகுப்புப் பெண். எங்களிடம் காட்ட ஒன்றுமில்லை.

ஏரிக்குள் 'பாடு' என்றொரு முறை இருக்கிறது. எந்த ஊர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. சண்டையில்லாமல் பொதுவளத்தை ஆளும் வழி என்று சமூகவியல் படிப்பில் இதைப் பாராட்டுவார்கள். ஆனால் அந்த முறையில் இடம் பெற பட்டினவராகப் பிறந்திருக்க வேண்டும். கரையிலேயே வாழும் பட்டியல் சாதியினருக்கும் இருளருக்கும் அதில் பங்கில்லை. இருளர்கள் நீரில் அமிழ்ந்து சேற்றைக் கையால் துழாவி இறால் எடுக்கிறார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு. பெண்களும்தான்.

பட்டினவர்கள் ஒன்றும் முதலாளிகள் இல்லை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து அவர்கள் நிற்பது நியாயம், நாங்களும் நிற்கிறோம். முகத்துவாரம் கெட்டால் கை துழாவும் ஆழமில்லாத ஓரங்களும் சேர்ந்தே கெடும். அதனால்தான் ஏரியைக் காக்கும் கூட்டங்களில் இருளர் பெண்கள் மேடையேறிப் பேச வேண்டும் என்று கேட்கிறோம். பாட்டில் பங்கு பற்றியும் அவர்கள் அங்கேயே பேசட்டும்.