ஒளி சேர்த்த தட்டு

கார்த்திகைக் கூட்டத்தை வெறுங்கண்ணால் நோக்குவார் பலர்க்கும் ஆறு விண்மீன்களே புலப்படும். அதனாலன்றோ நம் முன்னோர் அதனை ‘அறுமீன்’ என்றனர்!

அவ்வாறோடு அமைதி கொள்ளாதவர் ஐசக் ராபர்ட்ஸ் (1829–1904). அவர் வானியலைத் தொழிலாகக் கொண்டவரல்லர். வேல்சு நாட்டிற் பிறந்து, லிவர்ப்பூல் நகரிற் கட்டடத் தொழிலாற் பொருளீட்டியவர். 1886ஆம் ஆண்டில், 20 அங்குல ஆடி பொருந்திய தொலைநோக்கியைக் கொண்டு கார்த்திகையை அவர் ஒளிப்படமெடுத்தார்.

கண், பெற்ற ஒளியைச் சேர்த்துவைக்க அறியாது. ஒளிப்படத் தட்டோ அதனைத் துளித்துளியாய்ச் சேர்க்கும். ஆயினும், புவி சுழல்கின்றதே! அதற்கியையத் தொலைநோக்கியும் மணிக்கணக்கிற் பிசகாது திரும்புதல் வேண்டும். சிறிது தவறினும் மீன்கள் கோடுகளாகும். ஓரிரவின் உழைப்பு வீணாகும். பிசகாத தட்டில், அறுமீனைச் சூழ நூற்றுக்கணக்கான மீன்களும் மெல்லிய முகிற்படலமும் தோன்றின.

அம்மீன்கள் பிறந்த முகிலின் எச்சமே அப்படலமெனப் பன்னாள் கருதினர். மீன்கூட்டம் செல்லும் வழியில் எதிர்ப்பட்ட தூசு முகிலே அஃதென்பது இன்றைய முடிபு. விளக்கம் மாறிற்று, தட்டிற் பதிந்த காட்சி மாறவில்லை.

கற்போர் முதலிற் பழகவேண்டியது இதுவே: கண்டதைக் கண்டவாறே பதிவுசெய்யும் பொறுமை.