சாப்பிடலைன்னா இன்சுலின் போடணுமா, வேணாமா?

அமாவாசை வந்தா விழுப்புரம், திண்டிவனத்துல இருந்து மேல்மலையனூர் போற பஸ்ஸெல்லாம் நிரம்பி வழியும். ராத்திரி ஊஞ்சல் உற்சவம் பார்த்துட்டு விடியக்காலைலதான் திரும்புவாங்க. பகல் முழுக்க விரதம் இருக்குறவங்க நிறைய, அதுல இன்சுலின் போடுறவங்களும் உண்டு. மறுநாள் ரெண்டு விதமா வருவாங்க. "சாப்பிடவே இல்ல டாக்டரம்மா, அப்புறம் எதுக்கு ஊசி?"ன்னு எல்லாத்தையும் நிறுத்தி, சர்க்கரை 400 தாண்டி வர்றவங்க ஒரு பக்கம். ஊசியைப் போட்டுட்டுப் பட்டினி கிடந்து, வேர்த்து மயங்கி வர்றவங்க இன்னொரு பக்கம். எனக்கு ரெண்டாவது கூட்டத்தைப் பார்த்தாதான் பயம் அதிகம்.

விஷயம் இதுதான் மக்களே. நாம சாப்பிடாதப்பவும், தூங்குறப்பவும் கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரையை ரத்தத்துல விட்டுக்கிட்டே இருக்கும். அதைச் சமாளிக்கத்தான் நீண்ட நேர இன்சுலின். கிளார்ஜின் ஒரு தடவை போட்டா ஏறக்குறைய 24 மணி நேரம் நிக்கும். விரதம்னாலும் இதை நீங்களா நிறுத்தக் கூடாது. அளவைக் குறைக்கணும்னா டாக்டர் சொல்லணும். டைப் 1 நோயாளிகள் இதை நிறுத்தினா உயிருக்கே ஆபத்து.

சாப்பாட்டு இன்சுலின் வேற. இட்லியோ சோறோ உள்ள போனதும் ஏறுற சர்க்கரைக்கு மட்டும்தான் அது. ரெகுலர்னா சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி, லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் மாதிரி வேகமானதுன்னா தட்டு முன்னாடி உட்காரும்போது. சாப்பாடு இல்லையா, அந்த ஊசியும் இல்லை.

இங்கதான் ஒரு சிக்கல். அரசு மருத்துவமனைல நிறைய பேருக்குக் கொடுக்குறது 30/70. ரெண்டும் ஒரே பாட்டில்ல கலந்தது. அதுல பாதியை மட்டும் போட முடியாது. போட்டா அரை மணி நேரத்துல சாப்பிட்டே ஆகணும். அதனால 30/70 போடுறவங்க விரதத்துக்கு முன்னாடியே வந்து கேளுங்க. சாமி கோவிச்சுக்காது, நாங்களும் திட்ட மாட்டோம் (கொஞ்சம் திட்டுவோம்).

"கலங்கலா இருந்தா நீண்ட நேரம், தெளிவா இருந்தா சாப்பாட்டுக்கு"ன்னு ஒரு பழைய கணக்கு உண்டு. என்.பி.எச்., ரெகுலர் மட்டும் இருந்த காலத்துல சரி. கிளார்ஜினும் தண்ணி மாதிரி தெளிவாத்தான் இருக்கும். நிறத்தைப் பார்த்து எடுத்தா மாறிடும். படிக்கத் தெரியாதவங்க வீட்ல, பிள்ளைங்க ஒரு பாட்டில்ல ரப்பர் பேண்ட் சுத்தி வையுங்க. ராத்திரி கண்ணு மங்கலா தெரிஞ்சாலும் கை கண்டுபிடிச்சிடும்.

சிரிஞ்சும் அப்படித்தான். 40 யூனிட் பாட்டிலுக்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 பாட்டில் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சுல எடுத்தா ரெண்டரை மடங்கு உள்ள போயிடும். மெடிக்கல்ல புது பாட்டில் வாங்கினா மேல எழுதியிருக்குற நம்பரை முதல்ல பாருங்க.

கை நடுக்கம், திடீர் வேர்வை, படபடப்பு, அகோரப் பசி வந்தா விரதம் அங்கேயே முடிஞ்சது. மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணில கரைச்சுக் குடிங்க. 15 நிமிஷத்துல சரியாகலைன்னா மறுபடியும் குடிங்க, அப்புறம் சாப்பிடுங்க. கூட வர்றவங்களுக்கு ஒண்ணு: ஆள் மயங்கிட்டா வாயில தண்ணிகூட ஊத்தாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108-ஐக் கூப்பிடுங்க.