கோவா இலை

ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தில் பெரட்டு இல்லை. மண்சரிவில் வீடிழந்த மீரியபெத்த சனங்களுக்காகப் பூனாகலைப் பக்கம் கட்டிய 75 வீடுகளில் ஒன்று. குசினி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வீட்டு அக்காவின் மடியில் பார்ஸ்லிக் கட்டு. பண்டாரவளைச் சந்தையில் வாங்கியது. காலையிலேயே கழுவி, வெள்ளைத் துணியில் பரப்பி உலர்த்திவிட்டார். ஈரம் இருந்தால் நறுக்கும்போது இலை நசுங்கிக் கறுத்துப்போகும்.

இப்போது காம்பைக் கிள்ளுகிறார். கண் வாசலைப் பார்க்கிறது, விரல் தன்பாட்டில் ஓடுகிறது. கொழுந்து கிள்ளிப் பழகிய விரல். பெருவிரல் நகத்தோரம் தேயிலைக் கறை. பெய்ரூத்தில் பாத்திரம் கழுவிய எட்டு வருசத்தில் போயிருந்த கறை, திரும்பி வந்து கூடை மாட்டிய மூன்றாம் மாதமே ஏறிவிட்டதாம்.

கத்தி ஓர் இடத்தில் ஒருமுறைதான் விழுகிறது. மறுபடி கொத்தினால் சாறு இறங்கிக் கசக்கும். வல்லாரைச் சம்பலுக்கு நம் வீடுகளில் அரிவதும் இப்படித்தான், கட்டை இறுகப் பிடித்து மயிரிழையாய். கொஞ்சம் மிஞ்சி இலை, வெங்காயத்தாள், பொடியாய் அரிந்த தக்காளி எல்லாம் தனித்தனிக் குவியலாய்க் கிடக்கின்றன.

அடுத்து ஒரு துணிப்பை அவிழ்கிறது. புர்குல். கோதுமையை அவித்து, வெயிலில் காயவைத்து உடைத்த நொய். ஏற்கெனவே வெந்தது என்பதால் அடுப்பு வேண்டாம். தக்காளிச் சாற்றையும் எலுமிச்சைச் சாற்றையும் குடித்தே மெத்தென்று ஆகிவிடும். மூன்று விரலால் அள்ளித் தூவுகிறார். இவ்வளவு கீரைக்கு இவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றுகிறது. லெபனான்காரர்களின் தப்பூலேயில் கீரைதான் சாப்பாடு, கோதுமை அதற்குத் துணை.

"என்னா புள்ள, ஆட்டுக்கு வெட்டி வெச்ச மாதிரி! ஒரு பிடி தேங்காப்பூ போட்டா என்னா?" அக்காவின் மாமியார் திருவலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இந்த வீட்டுச் சாவியை வாங்கியது அவர்தான். 2014 அக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயன்களை மூடியபோது மருமகள் பெய்ரூத்தில். தப்பியவர்கள் மாக்கந்தைத் தேயிலைத் தொழிற்சாலைக்குள் மறைப்புக் கட்டி வாழ்ந்த நாட்களிலும் அவர் பெய்ரூத்தில்தான். வேலை கொடுத்தவர் சம்மதிக்காமல் வீடு மாறவோ ஊர் திரும்பவோ விடாத கஃபாலா முறை. திருவலைச் சத்தத்துக்கு நடுவே மாமியார் மெதுவாய்ச் சொல்கிறார்: "டீவியில பாத்துட்டு அழுதாளாம். அன்னிக்கும் சமைச்சு வெச்சிட்டுத்தான் அழணும்."

அக்கா தலை நிமிரவில்லை. எலுமிச்சையைப் பிழிகிறார், விதை விழாமல் விரலிடுக்கில் வடித்து. 2020இல் லெபனானில் காசின் மதிப்பு விழுந்து, சம்பளமும் நின்று, ஆகஸ்ட் 4இல் துறைமுகம் வெடித்த பிறகு ஊர் வந்து சேர்ந்தவர். பெட்டியில் என்ன வந்ததென்று தெரியாது. இந்தக் கை வேலை வந்திருக்கிறது.

மகள் கோவா இலைகளைக் கிண்ணம்போல் பிரித்து அடுக்குகிறாள். கரண்டி கிடையாது, இலையால்தான் அள்ள வேண்டும். அடுக்கிக்கொண்டே கேட்கிறாள்:

"அங்க ஒங்களுக்கும் இது குடுப்பாங்களாம்மா?"

"மிஞ்சினா."

தப்பூலே மிஞ்சினால் எப்படியிருக்கும் என்று யோசிக்கிறேன். உப்புப் பட்டு ஒரு மணி நேரமானால் நீர் விட்டுவிடும், இலை தொய்ந்துவிடும். மொறுமொறுப்பெல்லாம் முதல் பந்திக்குத்தான்.

"மாமி, வந்து ஒக்காருங்க. எல்லாரும் ஒக்காந்தாத்தான் கலப்பேன்."

உட்கார்ந்தோம். உப்பு. போத்தலின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு நிற்கும் ஒலிவ் எண்ணெயில் பாதி. கையாலேயே கிளறுகிறார், அடியிலிருந்து மேலாய், நசுக்காமல். பச்சை வாசம் குசினி முழுக்க எழும்புகிறது.

முதல் இலையை எடுத்து, அள்ளி, மடித்து, தன் வாயில் வைத்துக்கொள்கிறார். கண்ணை மூடி மெல்லுகிறார். கோவா இலை நறுக்கென்று உடையும் சத்தம் எனக்குக் கேட்கிறது.

பிறகுதான் எங்களுக்கு. மாமியார் ஓரத்தில் கிள்ளிச் சுவைத்து, "புளிப்பாத்தான் இருக்கு" என்கிறார். இரண்டாவது இலைக்குக் கை நீள்கிறது. மூன்றாவதுக்கும். துருவிய தேங்காய்ப்பூ தட்டில் அப்படியே இருக்கிறது.