குழந்தைச் சாவும் குலப்பழியும்

தோட்டத்து லயங்களில் ஒரு கைக்குழந்தை நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போனால், அந்நோய்க்குப் பெயர் சூட்ட நம்மவர்க்கு ஒரு நொடியும் வேண்டுவதில்லை. சவலை என்பார் ஒருவர். பட்சி தோஷம் என்பார் மற்றொருவர். கண்ணேறு என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார் வேறொருவர். குழந்தை இறந்துவிட்டாலோ காரணம் தேடும் வேலை இன்னும் எளிது. தாயின் ஜாதகத்தைப் புரட்டினால் போதும். அடுத்த குழந்தையும் அவ்வாறே மாண்டுபோயின், "பிள்ளைமுழுங்கி" என்ற பட்டமும் அவளுக்குக் கிடைத்துவிடும். தகப்பனுக்கு இத்தகைய பட்டம் வழங்கக் கேட்டதில்லை.

பெடாஸில் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுவது என் தொழில். பிறப்பு, இறப்புப் பாரங்களை நிரப்பித் தரும்படி தொழிலாளர் என்னிடமே வருவார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு குழந்தைகளின் இறப்புப் பாரம் நிரப்பிக் கொடுத்திருக்கின்றேன். இரண்டும் ஆண். பிறந்தபோது இரண்டுமே கொழுகொழுவென்றிருந்தன. மூன்றாம் மாதத்திற்குப்பின் வாயில் தயிர் படிந்தாற்போல் வெண்படை, நில்லாத வயிற்றுப்போக்கு, ஓயாத இருமல். ஒன்று ஐந்தாம் மாதத்திலும் மற்றொன்று ஏழாம் மாதத்திலும் மறைந்தன. அத்தாயின் தமையன் ஒருவனும் தவழும் பருவத்திலேயே இறந்தவன் என்று அவளைப் பெற்ற கிழவி பேச்சுவாக்கில் சொன்னாள். அக்குழந்தைகளின் நோய் இன்னதெனத் தீர்ப்புரைக்க நான் வைத்தியனல்லன். ஆனால் இப்படிப்பட்ட வீட்டில் கேட்டே தீரவேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களில் லிம்போசைட்டு என்பது ஒரு வகை. உடலுக்குள் புகும் கிருமியை இனங்கண்டு எதிர்க்கும் படை அதுவே. சில குழந்தைகள் அப்படையில் முக்கியமான பிரிவே இல்லாமல் பிறக்கின்றன. இதனை வைத்தியர் 'ஸ்கிட்' என்று சுருக்கமாக வழங்குகின்றனர். தாயின் வயிற்றில் பெற்ற பாதுகாப்பு சில மாதங்களுக்குத் தாங்கும். அது வற்றியதும் பிற குழந்தைகளுக்குச் சளியாய் வந்து போகும் கிருமி இக்குழந்தைக்கு எமனாகின்றது. சிகிச்சையின்றேல் இரண்டாம் பிறந்தநாளைக் காண்பதே அரிது.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் 1971இல் டேவிட் வெட்டர் என்னும் சிறுவன் பிறந்தான். அவன் பிறக்குமுன்னரே வைத்தியர் ஆயத்தமாயிருந்தனர். ஏன்? அவனுடைய அண்ணன் ஏழு மாதக் குழந்தையாய் இந்நோயால் இறந்திருந்தான். ஆகவே டேவிட்டைப் பிறந்தவுடனே கிருமி நீக்கிய பிளாஸ்டிக் கூண்டில் வைத்தனர். 1983இல் தமக்கையின் எலும்பு மஜ்ஜை அவனுக்கு ஏற்றப்பட்டது. அதில் ஒளிந்திருந்த ஒரு வைரஸால் 1984 பிப்ரவரியில், தன் பன்னிரண்டாம் வயதில் இறந்தான். உலகம் அக்கூண்டைத்தான் நினைவில் வைத்திருக்கின்றது. எனக்கோ அண்ணனின் சாவை எவரும் விதியென்று மூடிவைக்காமல் குறித்து வைத்திருந்ததே பெரிதாகத் தோன்றுகின்றது.

நிற்க. இந்நோய்க்கு மருந்தில்லை என்று எண்ணற்க. நல்ல மஜ்ஜையை ஏற்றி இத்தகைய குழந்தையை 1968இலேயே மினசோட்டாவில் காப்பாற்றிவிட்டனர். 2014இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியின்படி, மூன்றரை மாதத்திற்குள் மஜ்ஜை பெற்ற குழந்தைகளில் நூற்றுக்கு 94 பேர் ஐந்தாண்டு கடந்தும் வாழ்ந்தனர். அவ்வயதைக் கடந்து, கிருமி தொற்றிய நிலையிலேயே பெற்றவர்களில் பாதிப்பேரே பிழைத்தனர். ஆக, நோயைவிடத் தாமதமே கொடிது. மலேசியாவில் மஜ்ஜை மாற்றும் சிகிச்சை 1987இல் மலாயாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் தொடங்கிற்று. தமிழகத்தில் வேலூர் கிறிஸ்துவ ஆஸ்பத்திரியில் அதற்கு ஓராண்டு முன்பே தொடங்கிவிட்டது.

அமெரிக்காவில் பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் காகிதத்தில் உலர்த்தி இந்நோயைத் தேடுகின்றனர். 2008இல் விஸ்கான்சின் மாநிலம் தொடங்கியதை 2018க்குள் எல்லா மாநிலங்களும் கைக்கொண்டன. ஏறக்குறைய 58,000 பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கும் அதனால் கிடைத்தது. நம் நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் இச்சோதனை நடப்பதில்லை. நமக்குள்ள சோதனைக் காகிதம் குடும்பத்தின் ஞாபகம் ஒன்றே. அந்த ஞாபகத்தைத்தான் நாம் வெட்கத்தால் புதைக்கின்றோம்.

குற்றம் யாருடையது என்று கேட்பார்க்கு ஒரு சொல். இந்நோயில் ஒருவகை, தாய் தன்னையறியாமல் சுமக்கும் குறையால் வருவது. அவளுக்குப் பிறக்கும் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் பாதி வாய்ப்பு. மற்ற வகைகளோ பெரும்பாலும் தாய் தந்தை இருவரிடமும் ஒரே குறை மறைந்திருந்தால்தான் தோன்றும். அப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகளையும் அத்தை மகளையும், அதற்கும் மேலாக அக்காள் மகளையும் கட்டிக்கொள்ளும் நம் வழக்கம் ஒரே குறை இருபுறமும் வந்து சேர வழி செய்கின்றது. சொந்தத்தில் மணந்தோர்க்கெல்லாம் இது வருமென்று அச்சுறுத்துவது என் கருத்தன்று. பெரும்பாலோர்க்கு ஒன்றும் நேர்வதில்லை. சொத்துப் போய்விடுமே என்று உறவைக் கட்டிவைத்த பெரியவர்கள் பிள்ளை போனபின் மருமகளின் நட்சத்திரத்தைத் திட்டுவதைத்தான் சகிக்க முடியவில்லை.

அத்தாய்க்கு இப்போது மீண்டும் ஏழாம் மாதம். ஒரு முழுத்தாளில் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிக்கொடுத்தேன்: இரு பிள்ளைகளும் பிறந்த நாள், நோய் தொடங்கிய மாதம், இறந்த நாள், தாய்மாமன் இறந்த செய்தி. கீழே வைத்தியரிடம் சில கேள்விகள்: பிறந்தவுடன் போடும் பி.ஸி.ஜி. ஊசியில் உயிருள்ள கிருமி இருப்பதால், அதற்குமுன் குழந்தையின் லிம்போசைட்டு எண்ணிக்கையைப் பார்க்கலாமா? சாதாரண இரத்தச் சோதனையிலேயே அது தெரியும். ஒரு கன மில்லிமீட்டருக்கு 3,000க்குக் குறைந்தால் ஐயப்பட வேண்டுமென்பர். குறைந்தால் அவ்வணுக்களை வகைபிரித்து எண்ண எங்கே அனுப்புவது? இரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிர் பாய்ச்சிய இரத்தம் கிடைக்குமா? மற்றக் குழந்தைகளுக்கு அந்த ஊசி நன்மையே செய்வது என்பதையும் அவளுக்குச் சொன்னேன்.

"செத்த பிள்ளைங்க கணக்கு எதுக்குங்க கிராணி, பிறக்கப்போற பிள்ளைக்கு?" என்றாள் மாமியார்.

"பிறக்கப்போற பிள்ளைக்குத்தாம்மா அந்தக் கணக்கு" என்றேன்.

அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு தாயத்தைக் கொண்டுவந்து மருமகளின் கையில் கட்டினாள். தாயத்து இருந்துவிட்டுப் போகட்டும். நான் எழுதிய தாளை மருமகள் தன் கர்ப்பக் குறிப்புப் புத்தகத்தின் அட்டைக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.