பேத்திக்காகப் படித்த பாடம்

என் மகள் வயிற்றுப் பேத்திக்கு ஐந்து வயசு. பிறந்தது, வளர்வது எல்லாம் ஸ்பெயினில், மாட்ரிட் நகரத்தில். தமிழ் புரிகிறது, வாயைத் திறந்தால் ஸ்பானிஷ்தான். "அம்மாச்சி" என்ற ஒரு சொல் மட்டும் தவறாமல் வரும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்கு உறவு கொண்டாடுவது? அறுபது வயசில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். மகள்தான் வாத்தியாரம்மா, பள்ளிக்கூடம் வாட்ஸ்அப்பில்.

"மதுரையில இருந்துக்கிட்டு இது என்னத்துக்கு அக்கா?" என்று எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். சிரிக்கட்டுமே!

முதலில் மிரட்டியது வினைச்சொல்தான். நாம் 'படுத்துக்கொள்', 'உடுத்திக்கொள்' என்று 'கொள்' சேர்க்கிறோமில்லையா? அவர்கள் அதற்கு 'மே', 'தே', 'ஸே' என்று ஆளுக்குத் தகுந்த சின்னச் சொல்லைச் சேர்க்கிறார்கள். 'தே அக்குவெஸ்தாஸ்' என்றால் நீ படுத்துக்கொள்கிறாய். "நீ படுத்துக்கணும்னு ஆசைப்படறேன்" என்றால் 'கியெரோ கே தே அக்குவெஸ்தெஸ்'. 'தாஸ்' போய் 'தெஸ்' வந்துவிட்டது, பார்த்தீர்களா? நடப்பதைச் சொல்ல ஒரு ரூபம். நடக்கணுமே என்று மனசு தவிப்பதைச் சொல்ல வேறொரு ரூபம்.

தூங்கிப்போவதற்கு இதுவே தலைகீழ். தூங்குகிறாய் என்பது 'தே துவெர்மெஸ்'. தூங்கணும் என்பது 'தே துவெர்மாஸ்'. உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் இடம் மாறின மாதிரி!

இன்னொரு வேடிக்கை. மூலச்சொல் 'அக்கொஸ்தார்'. அழுத்தம் விழும்போது 'கொ' என்பது 'குவெ' ஆகிறது. 'நாம் படுத்துக்கணும்' என்றால் அழுத்தம் பின்னால் நகர்ந்து, பழையபடி 'நோஸ் அக்கொஸ்தேமோஸ்'. 'தோர்மீர்' மட்டும் அங்கேயும் சும்மா இருப்பதில்லை: 'நோஸ் துர்மாமோஸ்'. தலை சுற்றுகிறதா? நம் 'வா'வை நினைத்துப் பாருங்கள். வந்தாள், வருவாள், வாருங்கள் என்று எத்தனை வேஷம்! எந்தத் தாய் இதற்குப் பாடம் எடுத்தாள்? குழந்தை கேட்டுக் கேட்டே பிடித்துக்கொள்ளவில்லையா?

போன மாசம் குழந்தைக்குக் காய்ச்சல். இங்கே என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பேன், கஞ்சி வைத்துக் கொடுப்பேன். அத்தனை தூரத்தில் என்ன செய்வேன்? மகள் போனை அவள் தலைமாட்டில் வைத்தாள். "எஸ்பெரோ கே தே சியென்தாஸ் மெஹோர்" என்றேன். உனக்கு உடம்பு தேவலையாகணும் என்று அர்த்தம். பிறகு, "கியெரோ கே தே துவெர்மாஸ். தூங்கு கண்ணு" என்று இரண்டு பாஷையிலும் சொன்னேன். "சீ, அம்மாச்சி" என்றாள். ஸ்பானிஷில் 'சீ' என்றால் 'சரி'. கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டாள்.

பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இலக்கணம் முழுவதையும் கரைத்துக் குடிக்க வேண்டாம். தூங்கணும், சாப்பிடணும், உடம்பு தேறணும் என்ற நாலு ஆசைகளை முதலில் அவர்கள் பாஷையில் கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் சொன்ன கையோடு தமிழிலும் சொல்லுங்கள். புரிந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு நம் சொல்லும் மெல்ல உள்ளே போகும்.