தாத்தாவின் ஏணியும் ஒரு ரேடியோ சிப்பும்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு ரேடியோ சிப்போடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். எல்லாம் தாத்தா ஏணியில் ஏறியதால் வந்த வினை.

தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் வீட்டில் மணி அடிக்கிற மாதிரி, எலக்ட்ரானிக்ஸ் படித்த பெரியப்பா மகன் ஒரு கருவி செய்து கொடுத்தார். தொட்டி மேல் ஒரு பெட்டி, வீட்டில் ஒரு பெட்டி. இரண்டிலும் சிசி2420 என்கிற பழைய டிரான்ஸீவர் சிப். அனுப்புவது, வாங்குவது இரண்டையும் அதுவே செய்யும். மேலே இருந்த பெட்டிக்கு இரண்டு ஏஏ பேட்டரி.

அருமையாக வேலை செய்தது... ஐந்து நாளைக்கு! முட்டிவலியோடு தாத்தா ஏறி பேட்டரி மாற்றினார். அடுத்த வாரமும் ஏறினார். மூன்றாவது தடவை கால் இடறிவிட்டது. நல்லவேளை, இரண்டாவது படிதான்.

அன்று ராத்திரி அண்ணனும் நானும் சிப்பின் டேட்டாஷீட்டைப் பிரித்துவைத்து உட்கார்ந்தோம். "சத்தத்தைக் குறைச்சுப் பேசட்டுமே" என்றேன். அண்ணன் அட்டவணையைக் காட்டினார். 1 மில்லிவாட் அனுப்ப 17.4 மில்லிஆம்பியர் ஆகிறது. அதில் முந்நூறில் ஒரு பங்கு அனுப்பினாலும் 8.5 ஆகிறது. அலைவரிசையைப் பிடித்துவைக்கும் சர்க்யூட் எப்படியும் ஓடியாக வேண்டுமாம். அட, இது நம்ம ஃபிக்ஸட் காஸ்ட்! வியாபாரம் குறைந்தாலும் கடை வாடகை குறையாதே. போதாததற்கு, அவ்வளவு மெல்லப் பேசினால் வீடுவரை எட்டாது.

அடுத்த வரிதான் என்னைத் தூக்கிப்போட்டது. சும்மா கேட்டுக்கொண்டிருக்க 18.8. பேசுவதைவிடக் கேட்பதற்குச் செலவு அதிகம்! வந்து சேரும் சிக்னல் ரொம்ப பலவீனமானது. அதைத் தன் சொந்த இரைச்சலில் தொலைக்காமல் பெருக்க ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் வேண்டும். வடிகட்டி, அதை எண்களாக மாற்றும் வேலை தனி. கரண்டைக் குறைத்து வடிவமைத்தால் காது மந்தமாகிவிடும். எங்கள் பெட்டியோ, வீட்டிலிருந்து எப்போது கேள்வி வரும் என்று 24 மணி நேரமும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. பேட்டரி சுமார் 2500 மில்லிஆம்பியர்-மணி, 18.8 ஆல் வகுத்தால் 133 மணி நேரம், அதாவது ஐந்தரை நாள். கணக்கு சரியாக வந்தது.

முறையை மாற்றினோம். கேட்கிற வேலை வீட்டுப் பெட்டிக்கு. அதற்குத்தான் ப்ளக் இருக்கிறதே. தொட்டிப் பெட்டி 100 விநாடிக்கு ஒருமுறை ஒரு விநாடி விழித்து, அளவைச் சொல்லிவிட்டுத் தூங்கிவிடும். காகிதக் கணக்கில் ஐந்தரை நாள் ஒன்றரை வருடமாகிறது. தூக்கத்திலும் கொஞ்சம் கசியும், போகட்டும்.

ஆனால் மணி அடிக்க ஒன்றரை நிமிடத்துக்கு மேல்கூடத் தாமதமாகலாம். அண்ணனுக்கு அது உறுத்தியது. தாத்தாவிடமே கேட்டோம்.

"அதுக்குள்ள வழிஞ்சா வாழைக்குத்தான் கண்ணு போகுது. ஏணி ஏறாம இருந்தாச் சரி."

எது நல்ல பெர்ஃபாமன்ஸ் என்று நாங்கள் இருவரும் அட்டவணையில் தேடிக்கொண்டிருந்தோம். அதைச் சொல்ல வேண்டியவர் திண்ணையில் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.