ஒரு கலைச்சொல்லும் சில அடைப்புகளும்

எந்த ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தாலும் வேர் பிரித்து, விகுதி சேர்த்து, மாலைக்குள் தமிழாக்கித் தந்துவிடுவோம் என்பது தமிழாசிரியர்களாகிய நம்மீது அறிவியல் துறையினர் வைத்திருக்கும் நம்பிக்கை. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. 'ரிசெப்டர்' ஏற்பியானதில் எவருக்கும் இடர்ப்பாடு இல்லை. விலங்கியல் துறை நண்பர் ஒருவர், தமிழ்வழி மாணவர்களுக்கான பாடக்குறிப்புக்காக 'ஸ்காவெஞ்சர் ரிசெப்டர்' என்ற தொடரைத் தந்தபோதுதான் நாம் நின்றுவிட்டோம். முன்சொல்லுக்கு அகராதியைப் பிரித்தால் 'தோட்டி' என்று வருகிறது.

அதைத் தமிழில் வெறுமனே ஒரு வேலையின் பெயராக எழுதிவிட முடியாது. தகழியின் நாவலைச் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் 'தோட்டியின் மகன்' என்று படித்தவர்களுக்கு அது தெரியும். தலைப்பிலேயே தொழில் மகனுக்கு இறங்கிவிடுகிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்த பிறகும், கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர்கள் மூச்சடைத்து இறக்கும் செய்திகள் நிற்கவில்லை. பிறப்பின் பேரால் சுமத்தப்பட்ட ஒரு பெயரை உயிரணுவின்மேல் ஏற்றிக் கரும்பலகையில் எழுதினால், வகுப்பில் யாரோ ஒரு மாணவர் தலையைக் குனிந்துகொள்ள நேரும். கலைச்சொல்லுக்காக அந்த விலையைக் கொடுக்க நமக்கு மனமில்லை.

ஆங்கிலச் சொல்லின் கதை வேறு. இடைக்கால இலண்டனில் வெளியூர் வணிகர்களின் சரக்கைப் பார்வையிட்டுத் தீர்வை வாங்கிய அலுவலரையே அது முதலில் குறித்தது. தெருத் துப்புரவை மேற்பார்க்கும் பொறுப்பு பின்னர்தான் அவரிடம் வந்தது. கூட்டுபவரைக் குறிக்கும் பொருள் அதற்கும் பிந்தியது. சொற்களும் பதவியிறக்கம் பெறுகின்றன.

சரி, அந்த ஏற்பி உண்மையில் என்ன செய்கிறது? அது தெரியாமல் பெயர் வைப்பது, குழந்தையைப் பார்க்காமலே மூக்கு யாரைப்போல என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

கதை அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் தொடங்குகிறது. மைக்கேல் பிரவுன், ஜோசஃப் கோல்ட்ஸ்டீன் என்ற இரு மருத்துவர்கள், கொழுப்பைச் சுமந்துசெல்லும் எல்டிஎல் துகளை உயிரணுக்கள் உள்வாங்கும் ஏற்பியைக் கண்டறிந்திருந்தனர். 1985இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த ஆராய்ச்சி அது. ஆனால் ஒரு புதிர் மிஞ்சியது. அந்த ஏற்பி பிறவியிலேயே பழுதுபட்ட குழந்தைகளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில்கூட மாரடைப்பு வருகிறது. அவர்களுடைய தமனிச் சுவரில், பெருவிழுங்கிகள் என்னும் மேக்ரோஃபேஜ்கள் கொழுப்பால் நிரம்பி நுரைபோலப் பொங்கிக் கிடக்கின்றன. வாயில் பூட்டியிருக்க, கொழுப்பு எப்படி உள்ளே போயிற்று?

1979இல் விடையின் ஒரு நுனி கிடைத்தது. இயல்பான எல்டிஎல்லைப் பெருவிழுங்கி அதிகம் சீண்டுவதில்லை. ஆய்வகத்தில் அதன்மேல் அசெட்டைல் தொகுதிகளை ஏற்றி உருமாற்றிக் கொடுத்தபோது அள்ளி அள்ளி விழுங்கியது. வேறொரு வாயில் இருந்திருக்கிறது. அதற்குத்தான் இந்தப் பெயர். உடலில் எல்டிஎல் கெடுவது முதன்மையாக ஆக்சிஜனேற்றத்தால் என்பதை 1980களில் சான் டியாகோவில் டேனியல் ஸ்டைன்பெர்க் குழுவினரின் ஆய்வுகள் எடுத்துக்காட்டின.

இரண்டு வாயில்களுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் நோய் இருக்கிறது. உயிரணுவுக்குள் கொழுப்பு சேரச் சேர, முதல் ஏற்பியின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். வயிறு நிறைந்தவர் இலையை மூடிவிடுகிறார். இரண்டாவது ஏற்பிக்கு அந்த வழக்கம் இல்லை. உள்ளே எவ்வளவு சேர்ந்தாலும் அது குறைவதில்லை. கெட்டுப்போன துகள் வந்துகொண்டிருக்கும்வரை எடுத்துக்கொண்டே இருக்கிறது. இறுதியில் அந்த உயிரணு அங்கேயே நுரைத்து மடிகிறது. இதயத்தமனியில் 'அடைப்பு' என்று மருத்துவர் காட்டும் மேட்டில், துப்புரவு செய்ய வந்து திரும்பிப் போகாத இவையும் இருக்கின்றன.

அப்படியானால் அந்த ஏற்பியை நீக்கிவிட்டால் என்ன? 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முன்னின்று அதையே செய்து பார்த்தனர். முதல் வகை ஏற்பி இல்லாத எலிகளை உருவாக்கினர். தமனிக் கொழுப்பு மேடு குறைந்தது. ஆனால் அதே எலிகள் லிஸ்டீரியா நுண்ணுயிரிக்கும் ஹெர்பிஸ் நச்சுயிரிக்கும் எளிதில் இரையாயின. அந்த ஏற்பி நுண்ணுயிரிகளின் மேலுறையையும் பற்றக்கூடியது. இறந்த உயிரணுக்களை அகற்றுவதிலும் அதற்குப் பங்குண்டு. குப்பை எது, பகை எது என்று அது தனித்தனியே கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. எம்.ஐ.டி.யின் மான்ட்டி க்ரீகர் இதை ஈ ஒட்டும் தாளுக்கு ஒப்பிட்டார். நல்ல உவமை, தாள் எந்த ஈயையும் தேர்ந்தெடுப்பதில்லை. 2005இல் வேறோர் ஆய்வு, எலிகளில் இந்த ஏற்பிகளை நீக்கியும் கொழுப்பு மேடு குறையவில்லை என்று காட்டியது. குற்றப்பத்திரிகையே ஆட்டம் கண்டது.

இந்தக் குடும்பத்தில் உறுப்பினர் பலர். சிடி36 என்ற ஏற்பி ஆக்சிஜனேறிய எல்டிஎல்லைப் பிடிப்பதோடு, ஃபால்சிபாரம் மலேரியா தொற்றிய சிவப்பணுக்கள் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளவும் இடம் தருகிறது. எஸ்ஆர்-பி1 ஏற்பி நல்ல கொழுப்பை ஈரலில் இறக்கிவைக்கிறது. அதே வாயிலை ஹெபடைட்டிஸ் சி நச்சுயிரியும் பயன்படுத்திக்கொள்கிறது. ஒன்றோடொன்று வடிவ ஒப்புமையே இல்லாதவை ஒரே பெயரின்கீழ் குவிந்ததால், பெயரிடும் முறையை ஒழுங்குபடுத்த ஆய்வாளர்களே 2014இல் ஒரு வகைப்பாட்டை முன்வைக்க வேண்டியதாயிற்று. கலைச்சொல் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பதில் நமக்குச் சிறிது ஆறுதல்.

'கழிவுண்ணி ஏற்பி' என்று ஒரு சொல் முன்மொழியப்பட்டது. பிணந்தின்னிக் கழுகின் நினைவு வருகிறது என்று விலக்கினோம். 'துப்புரவு ஏற்பி' என்பதையே பாடக்குறிப்பில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். செய்பவரைச் சுட்டாமல் செயலைச் சுட்டுகிறது. அகராதிக்கு அது போதாது என்று நண்பர் சொல்லக்கூடும், வகுப்பறைக்குப் போதும்.

மருத்துவம் தேர்ந்த வழியும் கவனிக்கத்தக்கது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்குமென்று நம்பிய வைட்டமின் ஈ, 2000இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் மாரடைப்பைக் குறைக்கவில்லை. துப்புரவு ஏற்பியை அடைக்கும் மருந்தும் இதய நோய்க்கான வழக்கமான சிகிச்சையாகவில்லை. பயன் தந்தவை ஸ்டாட்டின் மாத்திரைகள். அவை பெருவிழுங்கியின் அந்த வாயிலை அடைப்பதை நம்பி இயங்குபவை அல்ல. ஈரலில் முதல் வாயில்களைப் பெருக்கி, தமனிச் சுவருக்குப் போய்ச்சேரும் எல்டிஎல்லின் அளவையே குறைத்துவிடுகின்றன.